குற்றாலத் தண்ணி கரப்பானைக் கழுவாது

மே மாதம் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும் பிள்ளைகளில் முழங்கை மடிப்பையும் முட்டிக்குப் பின்பக்கத்தையும் சொறிந்துகொண்டே இறங்கும் பிள்ளை ஒன்றாவது இருக்கும். அதற்கென்று சொந்தபந்தம் இரண்டு வைத்தியம் தயாராக வைத்திருக்கும். "குத்தாலத்துல நாலு நாள் தலையக் காட்டட்டும், எல்லாம் ஓடிப் போவும்" என்பது ஒன்று. "முக்கு மெடிக்கல்ல கேட்டா ஒரு டியூப் தருவாங்க, ரெண்டே நாள்ல அமுங்கிரும்" என்பது இன்னொன்று. முதலாவது மலையையும் மூலிகையையும் நம்புகிறது, இரண்டாவது மருந்துக் கடையை நம்புகிறது. பார்த்தால் ஏறுமாறாகத் தெரியும். ஆனால் கரப்பானை ஒரே வீச்சில் துடைத்துப் போட்டுவிடலாம் என்ற எண்ணம்தான் இரண்டுக்கும் அடியில் கிடக்கிறது. நம் ஊர்க் கோடையில் தோல் நோயாளிகளை வெயில் படுத்துவதைவிட இந்த எண்ணம் அதிகமாகப் படுத்துகிறது.

நான் கல்லிடைக்குறிச்சியில் பிறந்து வளர்ந்து, பாளையங்கோட்டையில் அறிவியல் ஆசிரியையாக இருப்பவள். நினைவு தெரிந்த நாள் முதல் எனக்குக் கரப்பான் உண்டு. டாக்டர்கள் எக்சிமா என்பார்கள். எங்கள் ஆச்சி கடைசிவரை ஊறல் என்றே சொன்னாள். சென்னையில் இருக்கும் தங்கை மகனுக்கும் அதேதான். கோடை விடுமுறைக்கு அவன் வந்தால் பெட்டியில் துணிக்குச் சரியாகக் களிம்பு டப்பாவும் இருக்கும். ஆகவே இந்த விஷயத்தில் நோயாளியாகவும் பேசலாம், பெரியம்மாவாகவும் பேசலாம் என்று நினைக்கிறேன்.

கரை பலவீனமான தோல்

தோலின் மேலடுக்கைக் குளத்துக் கரையாக நினைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமலும், வெளியே இருக்கும் தூசி, கிருமி, சோப்புக் காரம் எதையும் உள்ளே விடாமலும் அது பிடித்து நிற்கிறது. அந்தக் கரையைக் கெட்டிப்படுத்தும் புரதங்களில் ஃபிலாக்ரின் என்று ஒன்று உண்டு. அதற்கான மரபணுவில் குறை இருந்தால் எக்சிமா வரும் வாய்ப்பு பெரிதும் கூடுகிறது என்பது 2006-இல் தெரியவந்தது. பிறவியிலேயே கரை பலவீனம் என்றால் வருடாவருடம் குடிமராமத்து பார்த்துத்தான் தீர வேண்டும். ஒரு மழையில் குளம் நிரம்பலாம், கரை பலப்படாது.

இது தொற்றும் நோய் கிடையாது. ரத்தம் கெட்டுப்போனதால் வருவதும் கிடையாது. ஆஸ்துமா, ஓயாத தும்மல் உள்ள குடும்பங்களில் கூடுதலாக வரும். நிறையப் பிள்ளைகளுக்கு வளர வளரத் தணிந்துவிடும். என்னைப் போன்ற சிலருக்குக் கூடவே வரும்.

வேர்த்தால் ஊறும் என்பது ஆச்சிக்கும் தெரியும். ஏன் என்பதில் ஒரு பகுதியை 2013-இல் ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எல்லார் தோலிலும் குடியிருக்கும் மலசீசியா என்ற பூஞ்சை சுரக்கும் ஒரு புரதம் வியர்வையில் கலந்திருக்கிறது. எக்சிமா உள்ள பலருக்கு அது ஒவ்வாமையைக் கிளப்பிவிடுகிறது. இதோடு வியர்வையின் உப்பும் வெடித்த தோலில் இறங்கி எரிக்கும். வியர்வைத் துளை அடைத்துக்கொண்டால் வேர்க்குருவும் சேர்ந்துகொள்ளும். வியர்ப்பதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. வியர்வையை உடம்பில் காயவிடாமல் இருப்பதுதான் நம் கையில் இருக்கிறது. வெயிலில் போய்விட்டு வந்ததும் சாதாரணத் தண்ணீரில் உடம்பை அலசி, துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது.

தாமிரபரணிப் பக்கம் வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே கோடைக்கு இரண்டு முகம். கத்திரி வெயில் காலத்தில் வியர்வை. ஆனி, ஆடி பிறந்தால் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலையின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டுக் கணவாய் வழியாக வறண்டு இறங்குகிறது. அதை நம்பித்தான் ஆரல்வாய்மொழியிலும் பணகுடியிலும் கயத்தாறிலும் காற்றாலைகள் நிற்கின்றன. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே நாளில் நெல்லையில் உதடு வெடிக்கும். மே மாதம் வருகிறவருக்கு அலசுவதும் துடைப்பதும் முக்கியம். ஆடியில் வருகிறவருக்குக் களிம்பும் எண்ணெயும் முக்கியம். சென்னையில் ஒரு டப்பா ஒரு மாதம் வருகிறது என்றால் காற்றுக் காலத்தில் இங்கே அது இரண்டு வாரத்தில் தீர்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அருவியும் ஆறும்

குற்றாலம் 2019-லிருந்து தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்த அருவித் தண்ணீர் சிற்றாறாக ஓடி தாமிரபரணியில்தான் சேர்கிறது. நெல்லைக்காரர்களுக்கு அது இன்றும் நம்ம குற்றாலம்தான். அந்தத் தண்ணீர் மூலிகைகளைத் தழுவி வருகிறது, அதனால் தோல் நோயெல்லாம் தீரும் என்று சொல்லாத ஆள் இங்கே கிடையாது. மலையில் மூலிகை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாறையில் இறங்கி ஓடும் அத்தனை தண்ணீரில் இலைச்சாறு எவ்வளவு கரைந்திருக்கும் என்று என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவார்கள்.

அருவியில் நின்றால் ஊறல் அடங்குவது உண்மை. குளிர்ச்சி, அரிப்பைக் கொண்டுபோகும் நரம்புகளை மரக்க வைக்கிறது. மலைத் தண்ணீரில் உப்பு குறைவு. ஆனால் வெளியே வந்து, ஈரத் துணியோடு காற்றில் நின்று வடை தின்று முடிப்பதற்குள் மேலே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, தோலின் சொந்த ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அன்று ராத்திரி தோல் முன்னைவிட வறண்டு இழுக்கும். குளித்துத் துவட்டிய மூன்று நிமிடத்துக்குள், தோல் ஈரப்பதமாக இருக்கும்போதே, ஈரம் காக்கும் களிம்பைத் தடவ வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். அருவிக்குப் போகிறவர்கள் டப்பாவை லாட்ஜில் வைத்துவிட்டுப் போனால் பயனில்லை. மாற்றுத் துணியோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

தண்ணீர் விழும் வேகமும் ஒரு விஷயம். சீசனில் பேரருவி நடுவில் நின்றால் அடி விழுவது போலத்தான் இருக்கும். நல்ல தோலுக்கு அது சுகம். புண்ணான இடத்தில் தோல் உரியும். ஓரமாக நின்று, கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடுவது நல்லது. அருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடுபவர்களிடம் உடம்பைக் கொடுக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். எந்த எண்ணெய், எதைக் காய்ச்சிச் சேர்த்தது என்று தெரியாத ஒன்றை வெடித்த தோலில் அழுத்தித் தேய்க்க விடாமல் இருப்பதே கரப்பான்காரருக்கு நல்லது.

குற்றால அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பயன்படுத்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. தண்ணீரைக் காப்பதற்காக வந்த உத்தரவு அது. தோல் டாக்டரிடம் போனால் அவர் முதலில் எழுதுவதும் அதைத்தான்: சோப்பை விடு. நுரை பொங்கும் சோப்பு தோலின் கொழுப்பையும் சேர்த்துக் கழுவிவிடுகிறது. அருவியில் கட்டாயத்தால் சோப்பில்லாமல் குளிப்பவர்கள் வீட்டிலும் அப்படியே குளிக்கலாம். அக்குளுக்கும் பாதத்துக்கும் மட்டும் காரம் குறைந்த ஒன்று போதும். சீயக்காயும் பாசிப்பயறு மாவும் நம் வீட்டுச் சரக்குதான். ஆனாலும் தோல் வெடித்திருக்கும் நாளில் அவற்றைப் போட்டுத் தேய்த்தால் எரிச்சல் உயிர் போகும்.

மே மாதம் குற்றாலத்தில் பெரும்பாலும் பாறையைத்தான் பார்க்க முடியும். பள்ளி விடுமுறைக்கு வருகிறவர்கள் பாபநாசம் அகத்தியர் அருவிக்கோ ஆற்றுப் படித்துறைக்கோ போகிறார்கள். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேரும் வரை தாமிரபரணி தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிற ஆறு. மலையை விட்டு இறங்கும் இடத்தில் தெளிவாக இருப்பது, நெல்லை மாநகரைத் தாண்டும்போது சாக்கடையையும் சுமந்துகொண்டு போகிறது. இது குறித்து மதுரைக் கிளையில் வழக்குகளும் நடந்திருக்கின்றன. பாபநாசத்திலேயே பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். காலில் சேலை சுற்றாமல் படித்துறையில் இறங்க முடிவதில்லை. விரிசல் விட்ட தோல் கிருமிக்குத் திறந்த வாசல். புண்ணில் நீர் கசியும்போது ஆற்றுக் குளியல் வேண்டாம். தோல் நன்றாக இருக்கும்போது ஊருக்கு மேற்கே, ஓட்டமுள்ள தண்ணீரில் குளிக்கலாம், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிக்கொள்ளலாம்.

இந்த அலசும் வழக்கத்துக்குத் திருச்செந்தூரைவிட நல்ல உதாரணம் இல்லை. கடலில் குளித்தவர்கள் அடுத்து நாழிக்கிணற்றுக்குப் போவது மரபு. கடலுக்கு எட்டும் தூரத்தில் நல்ல தண்ணீர் ஊறும் கிணறு அது. உப்புத் தண்ணீரைத் தோலில் காயவிடாமல் நன்னீரால் கழுவுவதைப் பக்தியோடு சேர்த்தே பழக்கி வைத்திருக்கிறார்கள். நீச்சல் குளம் உள்ள விடுதியில் தங்குகிறவர்களுக்கும் இதே விதிதான். குளோரின் தண்ணீரிலிருந்து ஏறியதும் குழாய்த் தண்ணீர், அடுத்து களிம்பு.

கிணற்றிலும் போரிலும் உப்புத் தண்ணீர் வரும் கடலோரக் கிராமங்களுக்குப் போகிறவர்கள் தண்ணீரைக் குறை சொல்வார்கள். ஓரளவு நியாயம்தான்: உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, நுரைக்கவில்லை என்று கூடுதலாகத் தேய்ப்போம், தேய்த்தது தோலிலேயே தங்கும். ஆனால் தண்ணீரை மாற்றினால் நோய் போய்விடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இங்கிலாந்தில் 336 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் கருவி பொருத்தியதால் எக்சிமாவில் கூடுதல் பலன் ஒன்றும் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. கருவிக்குச் செலவழிக்கும் காசுக்குக் களிம்பு வாங்கலாம்.

டியூபும் தைலமும்

இனி முக்கு மெடிக்கலுக்கு வருவோம். சட்டைப் பையில் சீட்டு இல்லாமல் போய், கையை நீட்டிக் காட்டினால், ஸ்டீராய்டு, பூஞ்சைக் கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த ஒரு டியூப் கைக்கு வந்துவிடும். அரிப்பு என்ன காரணத்தால் வந்திருந்தாலும் இரண்டு நாளில் அமுங்கும், ஏனென்றால் ஸ்டீராய்டு எந்த அழற்சியையும் அடக்கும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கோடையில் இடுப்பு மடிப்பில் வருவது கரப்பானாகவும் இருக்கலாம், படர்தாமரையாகவும் இருக்கலாம். படர்தாமரையில் ஸ்டீராய்டு போட்டால் மேலே அமுங்கி, அடியில் பரவும். வழக்கமான பூஞ்சை மருந்துக்கு அடங்காத படர்தாமரை நம் நாட்டில் பெருகியிருக்கிறது. அதற்குக் காரணமான பூஞ்சைக்கு 2020-இல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று நம் நாட்டின் பெயரையே சேர்த்து வைத்துவிட்டார்கள். இந்தக் கலவை டியூப்களின் தாராளப் புழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று தோல் டாக்டர்கள் பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியல் காகிதத்தில் இருக்கிறது, டியூப் கல்லாவுக்கு மேலேயே தொங்குகிறது.

இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டே விஷம் என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். அந்தப் பயமும் பிள்ளைகளைப் படுத்துகிறது. டாக்டர் பார்த்து, இந்த இடத்துக்கு இந்த வீரியம், இத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்தால் அது எக்சிமாவுக்கு நல்ல மருந்து. முகத்துக்கும் தொடை இடுக்குக்கும் வீரியம் குறைந்தது. உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் வேறு. அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம்; இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். பயந்து ஒரு பொட்டு வைத்தால் நோய் அடங்காது, சந்தனம் போல அப்பினால் தோல் மெலியும். ஊருக்குக் கிளம்பும் முன்பே இதையெல்லாம் டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கி வந்தால், இங்கே எந்த மாமா சொல்வதையும் கேட்க வேண்டியதில்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் களிம்பை விட்டுவிட்டுப் போகாதீர்கள். உருகிப் பிரிந்த மருந்து வேலை செய்யாது.

தைலங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, ஊதா நிறம் ஏறியதும் எடுக்கும் தைலம் அங்கே தோல் நோய்க்குக் கொடுக்கப்படுவது ஊருக்கே தெரியும். படித்த சித்த மருத்துவர் பார்த்துக் கொடுப்பதை நான் குறை சொல்லப் போவதில்லை. என் பயமெல்லாம் சுற்றுலாத் தலங்களில் பெயர், சேர்மானம், தேதி எதுவும் ஒட்டாத டப்பாவில் விற்கும் 'மூலிகைக் களிம்பு' பற்றித்தான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், மூலிகை என்று சொல்லி எக்சிமாப் பிள்ளைகளுக்குத் தடவப்பட்ட 24 களிம்புகளைச் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 20-இல் ஸ்டீராய்டு இருந்தது. பக்கவிளைவே இல்லாத மூலிகை இரண்டு நாளில் அற்புதம் செய்தால் அந்த அற்புதத்தைச் சந்தேகப்படுவது நல்லது.

தேங்காயெண்ணெய்க்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம். பிலிப்பைன்சில் 117 பிள்ளைகளுக்கு எட்டு வாரம் நடந்த ஆய்வில், காய்ச்சாமல் எடுத்த சுத்தமான தேங்காயெண்ணெய் தாது எண்ணெயைவிட நன்றாக வேலை செய்தது; 2014-இல் வெளியானது. நம் வீட்டில் இருப்பதே போதும் என்பது ஆறுதல். ஆனால் வேர்க்கும் பகல் நேரத்தில் எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் அலைந்தால் வேர்க்குரு கூடும். ராத்திரி படுக்கும் முன் மெல்லிசாகத் தடவுவது எனக்கு ஒத்துக்கொள்கிறது. எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல மாட்டேன். ஒரு சின்ன இடத்தில் தடவிப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம்.

இலையும் பாயும் துண்டும்

சொந்தக்காரர் வீட்டு இலையில் பிள்ளை உட்கார்ந்ததும் தொடங்கும் அடுத்த பஞ்சாயத்து. "கத்திரிக்காய் வைக்காதே, கரப்பான் பண்டம். கருவாடு ஆவாது. முட்டையும் வேண்டாம்." கடைசியில் மற்ற பிள்ளைகள் சொதியும் அப்பளமும் மீன் குழம்புமாகச் சாப்பிட, இந்தப் பிள்ளை தயிர்ச் சோற்றோடு எழுந்திருக்கும். சில பிள்ளைகளுக்கு முட்டையோ பாலோ நிலக்கடலையோ உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தடிப்போ வாந்தியோ வரும், அது டாக்டரிடம் சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. மற்றவர்களுக்கு உணவை நிறுத்துவதால் எக்சிமா குறைவதில்லை, சத்துத்தான் குறைகிறது. ஒரு உணவை வெகுநாள் காரணமில்லாமல் விலக்கி வைத்தால் அதற்கே ஒவ்வாமை உண்டாகும் வாய்ப்பும் இருக்கிறது. பிள்ளை அல்வா தின்னட்டும், கத்திரிக்காயும் தின்னட்டும். கத்திரிக்காய் தின்றதும் வாயோரம் ஊறுகிறது என்று பிள்ளையே சொன்னால் அப்போது நிறுத்துங்கள்.

படுக்கைக்கும் உடுப்புக்கும் நம் ஊரில் இருப்பதே போதும். உடம்போடு ஒட்டும் ரெக்சின் மெத்தையில் முதுகு வேர்த்து ஊறும். பத்தமடைப் பாயை விரித்து மேலே ஒரு பழைய வேட்டியைப் போட்டால் காற்று அடியிலும் ஓடும். கோரை முனை நேராகத் தோலில் உராயக் கூடாது, அதனால்தான் வேட்டி. துவட்டுவதற்கு முரட்டு டர்க்கி டவல் வேண்டாம்; ஈரிழைத் துண்டு மெதுவாக ஒற்றும், அரை மணி நேரத்தில் காயும். ஊறல் தாங்காத ராத்திரியில் அதையே நனைத்துப் பிழிந்து அந்த இடத்தில் போட்டு வைக்கலாம், சொறிவதற்கு அது எவ்வளவோ மேல். நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும்.

ரயிலில் ஏசி பெட்டியில் வருகிறவர்கள் சொந்தமாக ஒரு பருத்திப் போர்வை கொண்டுவருவது நல்லது. ரயில்வே கம்பளி மாதம் ஒருமுறையாவது துவைக்கப்படுகிறது என்று அமைச்சரே 2024-இல் நாடாளுமன்றத்தில் சொன்னார். எத்தனை முறை துவைத்தாலும் கம்பளி நூல் கரப்பான் தோலைக் குத்தத்தான் செய்யும். வைகாசிக் கல்யாணங்களுக்கு வருகிற பெண்களுக்கு ஒன்று: பட்டுச் சேலையின் ஜரிகை இடுப்பில் உராயும், கவரிங் நகையில் இருக்கும் நிக்கல் கழுத்தைக் கடிக்கும். முகூர்த்தம் முடிந்ததும் பருத்திச் சேலைக்கு மாறிவிடுவதை யாராவது குறை சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் யாரும் தள்ளிப்போடக் கூடாது. கரப்பான் உள்ள பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சலோடு, ஒரே அளவில் கொப்புளங்கள் கூட்டமாக வந்து வலித்தால், நம் ஊரில் உடனே அம்மை என்று வேப்பிலை செருகி, ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கக் கூடாது என்பார்கள். கோடைதான் அம்மைக் காலம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அது எக்சிமாத் தோலில் ஹெர்பீஸ் வைரஸ் பரவியதாக இருக்கலாம். அப்படியானால் அது அவசர நோய். அன்றைக்கே வைரஸ் மருந்து தொடங்க வேண்டும். தேன் நிறத்தில் பொருக்குக் கட்டி நீர் கசிந்தால் பாக்டீரியா சேர்ந்திருக்கிறது என்று பொருள், அதற்கும் டாக்டர் வேண்டும். பாளை ஹைகிரவுண்டில் 1965-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தோல் பிரிவும் இருக்கிறது. அங்கே போகச் செலவாவது பஸ் டிக்கெட்தான்.

பார்வைகள்

இத்தனையும் செய்தாலும் செய்ய முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. அருவியில் பெண்கள் பக்கம் நிற்கும்போது என் கையைப் பார்த்துவிட்டுத் தங்கள் பிள்ளையை இழுத்துக்கொண்டு தள்ளிப்போன தாய்மார்களை எனக்குத் தெரியும். அவர்கள் மேல் கோபம் இல்லை. தொற்றுமோ என்ற பயம். ஆனால் என் தங்கை மகன் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுவது அந்தப் பார்வைக்காகத்தான். முழுக்கைச் சட்டைக்குள் வேர்க்கிறது, வேர்த்தால் ஊறுகிறது. "சொறியாதலே" என்று ஆளுக்கொரு அதட்டல் விழுகிறது. பிள்ளை யாரும் பார்க்காத நேரத்தில் இன்னும் கூடுதலாகச் சொறிகிறான். மன உளைச்சல் அரிப்பைக் கூட்டும் என்பது மருத்துவ உண்மை. அதட்டுவதற்குப் பதிலாக அந்தக் கையில் ஒரு ஈரத்துணியைக் கொடுங்கள்.

ஊராட்சிகளையும் நகராட்சிகளையும் சுற்றுலாத் துறையையும் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு அருவியிலும் படித்துறையிலும் அலசிக்கொள்ள நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று. தாழ்ப்பாள் வேலை செய்யும் உடை மாற்றும் அறை. மருந்து தடவிக்கொள்ள நிழலில் ஒரு திண்ணை. குளிக்கும் விதிகளை எழுதியிருக்கும் பலகையிலேயே 'எக்சிமாவும் சோரியாசிஸும் தொற்றாது' என்று ஒரு வரி. கைக்குழந்தைக்காரிக்கும் வயதானவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் இதே வசதிகள் பயன்படும். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்பதைத் தடுக்கப் புதுச் சட்டம் தேவையில்லை, இருக்கிற சட்டத்தைச் சீசன் நேரத்திலாவது மருந்து ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தால் போதும்.

கரப்பான் உள்ளவர்களிடம், வீட்டிலேயே கிட, வெயில் ஒத்துக்காது என்று சொல்வதும் தவறு. அருவியில் நில், எல்லாம் சரியாகும் என்று சொல்வதும் தவறு. மற்றப் பிள்ளைகளைப் போலவே அவர்களும் பாபநாசத்துக்குப் போகலாம், மணிமுத்தாறு பார்க்கலாம், குற்றாலத்தில் நனையலாம், திருச்செந்தூரில் அலையில் நிற்கலாம். திரும்பி வந்ததும் அலசி, ஒற்றி, மூன்று நிமிடத்துக்குள் களிம்பு தடவ வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். இந்தக் கோடையில் உங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு பிள்ளை வந்தால், வைத்தியம் எதுவும் சொல்லாதீர்கள். வாளியில் நல்ல தண்ணீரும் கொடியில் ஒரு பருத்தித் துண்டும் எடுத்து வையுங்கள்.